பெல்ட்டில் வந்த சொம்பு

“...அத மட்டும் கேக்காதம்மா. ஆஸ்பத்திரிக்குத் தொணையா வரச் சொல்லு, வரேன். புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல எடம் வேணும்னா யாரு கால்லயாவது வுழுறேன். அந்த ஒரு வார்த்த மட்டும் என் வாய்லேர்ந்து வராது.”

இப்படிச் சொல்லிக்கொண்டே அவர் தன் வீட்டு வாசலில் குந்தி, பூட்ஸில் ஒட்டியிருந்த சுரங்கத்துக் களிமண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். எதிரே நின்ற பெண் சேத்தியாத்தோப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பகையாளியான ஒரு பெரியவரின் மருமகள். அவள் கேட்டது பெரிய சமாச்சாரம் இல்லை. தன் மாமனார் கையில் அவர் கொடுத்த செப்புச் சொம்பில் பழங்காசு எதுவும் இல்லை, போல்ட்டும் நட்டும்தான் இருந்தன என்று சொந்தக்காரர்கள் முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அது பொய்யும் இல்லை. அவர் அந்தச் சொம்பில் போல்ட்டுகளைப் போட்டு நிரப்பியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு பதில் வந்து சேரும். அவர் சுபாவம் அப்படி.

நெய்வேலியில் நாங்கள் ஒரே கான்ட்ராக்ட் கேங். சுரங்கத்தில் மேல்மண்ணைத் தோண்டி எடுக்கிற ராட்சத மெஷின்கள் இருக்கின்றன அல்லவா, அவை தோண்டுகிற மண் பெல்ட்டில் ஏறி, மைல் கணக்கில் ஓடி, தூரத்தில் இருக்கிற மண்மேட்டில் போய்க் கொட்டும். வழியில் பெல்ட்டுக்குமேல் வளைவு மாதிரி ஒரு மெட்டல் டிடெக்டர். மண்ணோடு இரும்புத் துண்டு ஏதாவது வந்தால் அது பெல்ட்டை நிறுத்திவிடும். அந்தத் துண்டு அடுத்த இடத்தில் சிக்கி ரப்பர் பெல்ட்டை நீளத்துக்குக் கிழித்துவிடக் கூடாது என்பதற்காக. பெல்ட் நின்றதும் நாங்கள் ஓட வேண்டும். கையில் பிடிக்கிற சின்ன டிடெக்டரை மண்மேல் ஆட்டிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் கீய் கீய் என்று கத்தும். அங்கே தோண்டி எடுத்து வெளியே போட்டுவிட்டு, கன்ட்ரோல் ரூமுக்கு ‘ஓகே’ சொன்னால் பெல்ட் மறுபடி ஓடும். பெரும்பாலும் மெஷினிலிருந்து கழன்ற பல்தான் கிடைக்கும். மேல்மண் என்பது மனுஷன் குடியிருந்த மண்ணாயிற்றே. கொழு, பூட்டு, தாம்புக்கயிற்றோடு வாளி, ஒருமுறை ஒற்றைக் கொலுசுகூடக் கிடைத்தது.

“கடவுளு மெட்டல் டிடெக்டர மனுஷன் நெஞ்சுல வச்சிருக்கணும் பங்கு. குத்துற வார்த்த வந்தா அப்படியே நின்னுடணும்” என்பார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பங்கு என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எனக்குப் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. மிச்சத்தையெல்லாம் பஸ்ஸிலும் கேன்டீனிலும் மனுஷர் பேச்சில்தான் படித்தேன். அதில் பாதி அவர் பேச்சு.

குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒல்லி உடம்பு, கழுத்தில் மடித்துப் போட்ட ஈரத்துண்டு, ஹெல்மெட்டுக்குள் சூட்டுக்கு வேப்பிலை. சிரித்த முகம் வேறு. புதிதாகப் பார்க்கிறவர்கள் சாது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் யாராவது ஒன்று செய்துவிட்டால், அது நல்லதோ கெட்டதோ, அதைத் திருப்பிக் கொடுக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. கொடுப்பதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார். “அளவு மாறக் கூடாது பங்கு. கூடக் குடுத்தா பாவம். கொறச்சுக் குடுத்தா கோழத்தனம்.”

கேன்டீனில் பரிமாறுகிற ஒருத்தன் ஒருநாள் உயரத்திலிருந்து சாம்பாரை ஊற்றி அவர் சட்டையை நாசம் பண்ணிவிட்டான். பண்ணியதோடு, “தள்ளி ஒக்காரக் கூடாதாய்யா?” என்று அவரையே கேட்டான். இவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். மறுநாள் அதே சட்டை, அதே கறையோடு, அவன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். கேன்டீனுக்கென்றே அந்தச் சட்டையைப் பையில் மடித்து எடுத்துவருவார். வாசலில் நின்று மாற்றிக்கொண்டு உள்ளே போவார். துவைக்கவே இல்லை. நாற்றத்தில் அந்த வரிசையே காலியானது. கடைசியில் அவன் கை கூப்பினான்.

“யோவ், கழட்டிக் குடுய்யா. நான் தோய்ச்சு எடுத்தாறேன்.”

“சோப்பு ஒன்துதான?”

“என்துதான்யா!”

துவைத்து இஸ்திரியும் போட்டுக் கொண்டுவந்தான். அன்றிலிருந்து இரண்டு பேரும் அப்படியொரு சிநேகம். இவருக்கு மட்டும் எக்ஸ்ட்ரா அப்பளம்.

இன்னொன்று பஸ்ஸில் நடந்தது. பர்மனென்ட் ஆள் ஒருவர் தினமும் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு, நாலு ஸ்டாப் தள்ளி ஏறுகிற தன் சிநேகிதருக்காகப் பிடித்துவைப்பார். ஒருநாள் இவர் அதில் உட்காரப் போனபோது, “கான்ட்ராக்ட்டுக்கெல்லாம் நின்னு பழக்கந்தான” என்றார். இவர் நின்றுகொண்டே வந்தார். இறங்குகிற சமயம் பார்த்து அந்தத் துண்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். சாயங்காலம் அந்த ஆளின் குவார்ட்டர்ஸுக்குப் போய் வீட்டம்மாவிடம், “சார் துண்டு பஸ்ல கெடந்துச்சும்மா” என்று கொடுத்தார். மறுநாளும் அதேபோல. அந்தம்மா காபி கொடுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில், “இவருக்கு இன்னா மறதி நோவா?” என்று கவலைப்பட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகக் கிளம்பிவிட்டாள். அதோடு பஸ்ஸில் துண்டு போடுவது நின்றுபோயிற்று.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. என் பெண்ணின் காதுகுத்துக்கு எல்லோருக்கும் பத்திரிகை வைத்தேன். அவருக்கு வைக்க விட்டுப்போயிற்று. அவர் வீட்டு விசேஷம் வந்தபோது கேங்கில் அத்தனை பேருக்கும் பத்திரிகைக் கவர் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். பிரித்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

“இன்னா பங்கு, வெறுங்கவரு?”

“நீ எனக்குக் குடுத்தத விட ஒரு கவரு கூடத்தான்” என்று சொல்லிவிட்டு, “ஞாயித்துக்கெழம பொண்டாட்டி புள்ளையோட வந்துடு” என்றார். போனேன். என் இலையில்தான் கறி அதிகம் விழுந்தது.

அவர் வீட்டம்மா என் மனைவியிடம் சொல்லி அழுவாள், சிரித்துக்கொண்டே. “கொழம்புல உப்பு மறந்துட்டேன் அக்கா. சாப்ட்டு எழுந்துட்டாரு, ஒரு வார்த்த சொல்லல. மறுநாளு அவரு போட்டுக் குடுக்குற டீயில சக்கர இல்ல. கேட்டா, ‘சரியாப்போச்சுல்ல?’ன்றாரு. சண்டகூட போட மாட்டேன்றாரே, நான் எங்க போய் முட்டிக்கிறது?”

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத ஒன்றும் அவரிடம் இருந்தது. பெல்ட் நின்று, மெக்கானிக் வரும்வரை நடைபாதைக் கம்பியில் சாய்ந்திருக்கிற நேரங்களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் அப்பா நிலம் இல்லாத கூலி. ஊரில் பெரிய வீடு என்று ஒன்று, அவர்கள் காட்டில்தான் காலம் முழுக்க வேலை. அந்தப் பெரிய வீட்டுத் தாத்தா யாருக்கோ பயந்து ஒரு சொம்பு நிறையக் காசைக் காட்டில் எங்கேயோ புதைத்துவிட்டு, இடத்தைச் சொல்லுமுன் வாய் இழுத்துக்கொண்டு செத்துப்போனார். வீட்டில் இருந்தவர்கள் வருஷக்கணக்கில் அங்கே இங்கே தோண்டிப் பார்த்துச் சலித்தார்கள். ஒரு கோடையில் முந்திரிக் கன்று வைக்கக் குழி எடுக்க இவர் அப்பாவைத் தனியாக அனுப்பினார்கள். மண்வெட்டியில் ஒரு பானை ஓடு பட்டது. அந்த மனுஷன் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். விசுவாசம். பெரிய வீட்டு வாசலில் கொண்டுபோய், “ஆண்டே, இது கெடச்சுது” என்று வைத்தார்.

“ஓடு இருக்குது. உள்ள இருந்த சொம்பு எங்கடா?” என்று கேட்டார் அந்த வீட்டுப் பேரன். அப்போது அவர் மீசை முறுக்குகிற வயது. இப்போது சேத்தியாத்தோப்பில் இருக்கிற பெரியவர் அவர்தான்.

ஆட்களோடு வந்து இவர்கள் குடிசையைத் தோண்டினார்கள். கூரையைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் குற்றம் இல்லை என்று ஆகவில்லை. அந்தப் பேரன் ஊர் கேட்க ஒன்று சொன்னார்: “போலீசு வேணாம். பொழச்சுப் போவட்டும். எடுத்தத வச்சிகினு நல்லா இருக்கட்டும்.”

“அடிச்சிருந்தாகூட ஆறியிருக்கும் பங்கு” என்பார் இவர். “மன்னிச்சான் பாரு. அதான் ஆறல.”

பெரிய மனுஷன் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டதால், இவர் அப்பா எடுத்தது நிஜம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அன்றிலிருந்து அந்த மனுஷனுக்குப் பேர் ‘புதையலு’. கடையில் கடன் கேட்டால், “உனக்கின்னா, தோண்டி எடுத்துக் குடு” என்பார்கள். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், “அந்தக் காசுல ரெண்டு சங்கிலி போடுங்க” என்று கேட்டு, இல்லை என்றதும் கருமிகள் என்று திட்டிவிட்டுப் போனார்கள். அப்பா சாகக் கிடந்தபோது சொந்தத் தம்பியே காதோரம் குனிந்து, “எங்க வச்சிருக்க, சொல்லிட்டுப் போண்ணா” என்றாராம். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சுரங்கம் விரிந்து அந்த ஊர் இடம் மாறியது. பெரிய வீட்டுக்காரர்கள் சேத்தியாத்தோப்பில் வரிசையாக வீடு கட்டிக்கொண்டார்கள். பெரியவரும், அவர் தம்பி மகன்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த வாசல். இவர் டவுன்ஷிப் ஓரத்தில் ஷீட் போட்ட வீட்டுக்கு வந்தார். தானே புயலுக்கு அப்புறம் ஒரு வருஷமோ இரண்டோ கழித்து, தோண்டுகிற மெஷின் அந்தப் பழைய ஊர்ப் பக்கம் திரும்பியது. இவர் சூப்பர்வைசரிடம் கெஞ்சி அந்த மண் வருகிற பெல்ட்டுக்கே டூட்டி மாற்றிக்கொண்டார். என்னையும் இழுத்துக்கொண்டார்.

“எதுக்குய்யா?”

“அவன் காடு என் கண்ணு முன்னால தூள் தூளாப் போவணும். நான் நின்னு பாக்கணும். அவ்ளோதான்.”

நின்று பார்க்கவும் செய்தார். பம்பு செட்டின் சிமெண்டுக் கட்டி ஒன்று பெல்ட்டில் உருண்டு போனபோது, “மேலக்காடு வந்துடுச்சு” என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். கல்யாண ஊர்வலம் பார்க்கிறவர் முகம்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் டிடெக்டர் பெல்ட்டை நிறுத்தியது. ஏறிப் போனோம். ஒரு பெரிய களிமண் உருண்டைக்கு மேல் கை டிடெக்டர் கத்தியது. கம்பியால் குத்தி உடைத்தோம். உள்ளே ஒரு செப்புச் சொம்பு. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, வாய் மட்டும் சரியாக இருந்தது. களி இறுகிப் பிடித்திருந்ததால் பிழைத்திருக்கிறது. சாய்த்தால் பச்சை பூத்து ஒன்றோடொன்று ஒட்டிய காசுகள். அவர் ஒன்றைப் பிய்த்துத் துண்டால் துடைத்தார். வெள்ளி ரூபாய், ராஜா தலை போட்டது. அடியில் அதைவிடப் பழசாகச் சின்னச் சின்னச் செப்புக் காசுகள்.

நான் காசைப் பார்த்தேன். அவர் சொம்பைப் பார்த்தார். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பாத்திரக்கடைக்காரன் உளியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டித் தருவான் அல்லவா, அதுபோல அந்தப் பெரிய வீட்டுத் தாத்தாவின் பேர், இனிஷியலோடு. அவர் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

“மண்ணுலயே இருந்திருக்குது” என்றார். “மண்ணுலயேதான் இருந்திருக்குது பங்கு.”

வாக்கி டாக்கி கூப்பிட்டது. “என்னப்பா, மெட்டல் கெடச்சுதா? பெல்ட்ட ஓட்டலாமா?”

“தேடிகினு இருக்கோம் சார்” என்றார். அவர் பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

நான் பக்கத்தில் குந்தினேன். “ஆளுக்குப் பாதி. யாருக்குத் தெரியப்போவுது? ஒன் வீட்டுக்குத் தளம் போட்டுக்கலாம்.”

அவர் தலையை ஆட்டினார்.

“அப்ப ஆபீசர்கிட்ட குடுத்துடுவோம். புதையல்னா சர்க்காருக்குத்தான். பேப்பர்ல வரும். ஒங்கப்பா எடுக்கலன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்.”

“தெரியும். கூடவே இன்னா நடக்கும் தெரியுமா? பேரு வெட்டின சொம்பு. ‘எங்க தாத்தாது’ன்னு அவன் போய் நிப்பான். கேசு போடுவான். காசோ நஷ்டஈடோ எதுனா ஒண்ணு அவன் கைக்குப் போவும். எங்கப்பன் அவனுக்குக் குழி எடுத்தான், நான் பொறுக்கிக் குடுத்தேன்னு ஆவும். ரெண்டு தலமொறையா அவனுக்கே கூலிவேல.”

“அப்ப இன்னாதான்யா பண்றது?”

வாக்கி டாக்கி மறுபடி கூப்பிட்டது. இம்முறை குரலில் எரிச்சல். அவர் எழுந்து, சொம்பை எடுத்துக்கொண்டு, டிடெக்டர் வளைவைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். காசை அங்கே கொட்டினால் பெல்ட் மறுபடி நிற்காது. எனக்குப் புரிந்தது.

“பங்கு! ஒன்னே ஒன்னு! என் பொண்ணுக்குக் காட்டிட்டுத் தரேன்.”

“ஒன்னு எடுத்தாலும் எங்கப்பன் எடுத்தான்னு ஆயிடும்” என்றார். சொம்பைக் கவிழ்த்து, உள்ளே ஒட்டியிருந்ததையும் கம்பியால் சுரண்டித் தட்டினார். துடைத்து வைத்திருந்த அந்த ஒரு ரூபாயையும் போட்டார். மேலே களிமண்ணை இழுத்து மூடினார். “ஓகே சார். கெடச்சிடுச்சு. பழைய பாத்திரம்” என்றார். அது பொய் இல்லை. சைரன் ஊதியது. காசெல்லாம் மண்மேட்டுக்குப் போயிற்று. அதன்மேல் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எத்தனை மண் விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் தெம்பில்லை. அவர் பீடியைப் பற்றவைத்தார்.

வெறும் சொம்பை வெளியே கொண்டுவந்தது தனிக் கதை. செம்பு என்றால் கேட்டில் விடமாட்டார்கள், கேபிள் திருட்டு பயம். அவர் அதைத் தேய்த்துக் கழுவி, தன் மத்தியானத் தயிர்சோற்றை அதில் கொட்டி, பாதி சாப்பிட்டு, பாதியோடு தூக்கிக்கொண்டு போனார். கேட்டில் இருந்தவர் எட்டிப் பார்த்து, “இன்னாய்யா, ஒங்க வூட்ல டிபன் பாக்ஸு கூட இல்லியா?” என்றார். “எங்களுக்கு இருக்குற சொத்தே இதான் சார்” என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மந்தாரக்குப்பத்துக் காயலான் கடையில் துருப்பிடித்த போல்ட்டும் நட்டும் வாங்கினார். சுரங்கத்தில் எடுத்தால் திருட்டு என்று காசு கொடுத்து வாங்கினார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொம்பில் போட்டு, தூக்கித் தூக்கிப் பார்த்தார். காசு இருந்தபோது என்ன கனம் இருந்ததோ அந்தக் கனம் வரும்வரை. அப்புறம் மேலே களிமண்ணை அடைத்து, வாயைத் துணியால் கட்டினார். நான் டீ குடித்தேன். தடுக்கத் தோன்றவில்லை.

சேத்தியாத்தோப்பில் தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம். தெருவே குடத்தோடு வெளியே நின்றது. அவர் வாசல் ஏறவில்லை. தெரு நடுவில் நின்று, “ஐயா!” என்று கூப்பிட்டார். அவர் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கு அன்றுதான் தெரியும். பெரியவர் வேட்டியைச் செருகிக்கொண்டு வந்தார். தம்பி மகன்களும் அவரவர் வாசலுக்கு வந்தார்கள்.

“மேலக்காட்டு மண்ணுலேர்ந்து வந்துச்சுங்க. பேரு இருக்குது, படிச்சுப் பாருங்க.”

தம்பி மகன் ஒருத்தன்தான் குனிந்து படித்தான். “கொள்ளுத் தாத்தா பேருதான்!” என்று கத்தினான். பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நெருங்கினார்கள்.

“எங்கப்பன் எடுக்கலிங்க. அது பாட்டுக்கு மண்ணுலயேதான் இருந்துச்சு” என்றார் இவர், தெருவைப் பார்த்து. அப்புறம் சொம்பை இரண்டு கையாலும் ஏந்திப் பெரியவரிடம் நீட்டினார். “வச்சிகினு நல்லா இருங்க.”

பெரியவர் கை அந்தக் கனத்தில் இறங்கிற்று. கண்கள் கலங்கின. இவர் அப்பாவைப் பற்றி ஒரு சொல் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். “உள்ள வாப்பா, டீ சாப்பிடு” என்று யாரையோ பார்த்துச் சொல்லிவிட்டு, சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

“பாத்தியா, சாத்திட்டான்” என்றார் இவர்.

பஸ்ஸில் கேட்டேன்: “சாத்தாம இருந்திருந்தா?”

“தெருவுலயே தெறந்திருந்தான்னா பொழச்சான். எல்லாரும் போல்ட்ட பாத்திருப்பாங்க, என்ன ஒதச்சிருப்பாங்க. வாங்கிகினு வந்திருப்பேன். அதுக்கு ஒரு மனசு வேணும் பங்கு. அது அவனுக்கு இல்லன்னு எனக்குத் தெரியும்.”

பிறகு நடந்ததைச் சேத்தியாத்தோப்பிலிருந்து ஷிப்டுக்கு வருகிற ஒருவர் வாராவாரம் கொண்டுவந்தார். தம்பி மகன்கள் பங்கு கேட்டார்கள். பெரியவர் போல்ட்டுகளைக் கொண்டுவந்து கொட்டிக் காட்டினார். “போல்ட்ட குடுக்கவா ஒருத்தன் ஞாயித்துக்கெழமயில ரெண்டு பஸ்ஸு மாறி வருவான்?” என்றார்கள். மளிகைக் கடையில் கடன் நின்றது. “ஒங்களுக்கின்னாங்க, ராஜா காசே வச்சிருக்கீங்க.” கல்யாணத்துக்குக் கைமாற்று கேட்டு வந்த தூரத்துச் சொந்தம் ஒன்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனது. பெரியவர் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணினார். “சூடம் அடிக்கிற அளவுக்கு உள்ள இருக்குது போல” என்றார்கள். தெருப் பிள்ளைகள் அவருக்கு ஒரு பேரும் வைத்தார்கள். என்ன பேர் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பார். கேட்கும்போது சாப்பிடமாட்டார். முடிந்ததும் டப்பாவைத் திறந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிடுவார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. ஆனாலும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்படி இருக்கையில்தான், நானும் அங்கே இருந்த ஒரு நாள், அந்த மருமகள் வந்து வாசலில் நின்றாள். அவர் மறுத்தார். அவள் அழவில்லை. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“எங்க மாமா ஒங்களுக்குச் செஞ்சது எனக்குத் தெரியும்ணா. நான் அப்ப பொறக்கவே இல்ல. நேத்து மாமாவோட தம்பி மவனுங்க ஆளோட வந்து எங்க அடுப்படிய தோண்டிட்டாங்க. சொம்ப அங்க வச்சித்தான் தெறந்தாராம், அதனால அங்கதான் இருக்குமாம். டைல்ஸெல்லாம் ஒடச்சி, கேஸ் அடுப்ப வாசல்ல தூக்கி வச்சிட்டாங்க. குழிய மூடவும் ஒரு ஆளும் வர மாட்டேன்றான். மூடுனா உள்ள பொதச்சிட்டான்னு அவன்மேலயும் பழி வருமாம். ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு நான் எங்க சமைக்கிறது?”

குச்சி நின்றது.

“எவ்ளோ ஆழம்?” என்று கேட்டார்.

“இன்னாண்ணா?”

“குழி. எவ்ளோ ஆழம் தோண்டுனாங்க?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை இடுப்பில் வைத்துக் காட்டினாள்.

அவர் ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்தார். “இடுப்பளவா?” என்றார். பிறகு என்னிடம், ஏதோ நான்தான் கேட்டதுபோல, “எங்க வூட்ல முட்டி அளவுதான் பங்கு. நான் எறங்கி நின்னு பாத்தேன். எங்கம்மா ஒருத்தியாவே மண்ணள்ளிப் போட்டு மூடினா” என்றார். பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்பை மாட்டினார். வீட்டு ஓரத்தில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துச் சாக்கில் சுற்றினார். “வாம்மா, பஸ்ஸு போயிடும்.”

நானும் போனேன். அந்தத் தெருவில் நாங்கள் நுழைந்ததுமே கதவுகள் திறந்தன. தம்பி மகன்கள் வாசலில் வந்து நின்றார்கள். அடுப்படியில் நிஜமாகவே இடுப்பளவுக் குழி. சுற்றிலும் உடைந்த டைல்ஸ், குவிந்த மண். பெரியவர் அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார்.

“சொல்லுடா அவனுங்ககிட்ட” என்றார் இவரைப் பார்த்ததும். இவர் சாக்கைப் பிரித்து மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். “உள்ள ஒன்னும் இல்லன்னு சொல்லுப்பா” என்றார் கொஞ்சம் கழித்து. மண் விழுகிற சத்தம்தான் கேட்டது. ஜன்னலில் தலைகள் நெருக்கின. “ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார் பெரியவர். “ஒங்கள கையெடுத்துக் கும்பிடறேன், சொல்லுங்க.”

இவர் குழிக்குள் இறங்கி நின்றார். விளிம்பு எங்கே வருகிறது என்று தன் காலோடு ஒட்டிப் பார்த்தார். ஏறி வந்து இன்னும் நாலு வெட்டு மண் போட்டார். மறுபடி இறங்கினார். இப்போது விளிம்பு முட்டிக்கு நேராக இருந்தது. அவர் ஏறி வந்து, மூட வேண்டிய மிச்ச மண்ணைக் குவியலாக அப்படியே விட்டுவிட்டு, மண்வெட்டியைத் துடைத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு, பெரியவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.